கொரட்டூரில் ஒரு தட்டு நாசி கோரெங்

தட்டைப் பார்த்ததும் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு உயிரே போய்விட்டது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எவர்சில்வர் தட்டில் பழுப்பு நிறத்தில் சோறு, ஆவி பறக்கிறது. மேலே ஓரமெல்லாம் முறுகிய ஒரு பொரித்த முட்டை. பக்கத்தில் வெள்ளரி வில்லைகள், ஒரு இறால் அப்பளம், சின்னக் கிண்ணத்தில் சிவக்கச் சிவக்க ஒரு துவையல். வதக்கிய சின்ன வெங்காயம், கருவாடு, கருப்பட்டி மூன்றையும் ஒரே சட்டியில் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு வாசனை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் தொங்கிய பூப்போட்ட திரையைப் பார்த்தார். அதை நோக்கி, எனக்குப் புரியாத ஒரு பாஷையில், மெதுவாக ஏதோ கேட்டார்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அந்த மத்தியான வேளையில் ஒரு வெளிநாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நான் கொரட்டூரில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மிஸ்டர் பாக்

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். ஆபரேட்டர் என்றால் டெலிபோன் மட்டும் இல்லை. டைப் அடிப்பது, வந்தவர்களுக்கு டீ சொல்வது, முதலாளியின் வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் ஷெட்டில் இருக்கிறார் என்று சொல்வது எல்லாம் சேர்த்திதான்.

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநின்றவூரில் மனை வாங்கி, பூச்சு வேலை முடியாத வீட்டில் குடியேறியிருந்தோம். காலை ரயிலில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்கு நடப்பேன். கூட்டத்தில் என் சாப்பாட்டு டப்பா எப்போதும் யாரோ ஒருவரின் முதுகில் இடித்துக்கொண்டிருக்கும். ‘அந்த ரசத்த கொஞ்சம் நேரா புடிம்மா’ என்று முகம் தெரியாதவர்கள் சொல்வார்கள்.

எங்கள் கம்பெனி ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரங்கள் செய்தது. உள்ளூருக்குச் செய்து பழகியவர்களுக்கு முதன்முதலாகக் கடல் தாண்டி ஒரு ஆர்டர். இந்தோனேசியாவில், சுமத்ராத் தீவில், மேடான் என்ற ஊரில் ஒரு ரப்பர் தொழிற்சாலை. இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட அங்கிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பெயர் ஹாருன். ஐம்பது வயதுக்கு மேல். ஒல்லி. பேசுவதற்கு முன்னால் லேசாகக் குனிவார்.

அவர் தன்னைப் ‘பாக் ஹாருன்’ என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர்கள் ஊரில் ‘பாக்’ என்றால் ஐயா என்பது மாதிரி ஒரு மரியாதைச் சொல். அது தெரியாமல் எங்கள் முதலாளி கடைசிவரை அவரை ‘மிஸ்டர் பாக்’ என்றே கூப்பிட்டார். அதாவது மிஸ்டர் ஐயா. மனிதர் ஒருநாளும் திருத்தவில்லை.

வேலையில் அத்தனை சுத்தம். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. முதல் நாள் மசால் தோசை, மரியாதைக்குச் சாப்பிட்டார். அடுத்த நாள் இட்லி, பாதி. பிறகு பிரியாணி வாங்கிக் கொடுத்தோம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாட்ஜிலேயே படுத்துவிட்டார். அதற்குப் பிறகு வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை.

பசித்த மனிதனுக்கு எல்லாமே கோணலாகத் தெரியும் போலிருக்கிறது. உருளைகளுக்கு நடுவில் இடைவெளி சரியில்லை என்றார். சரிசெய்தால் சத்தம் அதிகம் என்றார். ஒருநாள் காலை என் மேஜைக்கு வந்து, எங்கள் இருவருக்கும் சரிசமமாகத் தெரியாத இங்கிலீஷில், வெள்ளிக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டுத் தரச் சொன்னார். சோதனை ஓட்டம் பாதிகூட முடியவில்லை.

முதலாளியிடம் ஓடினேன். நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருந்தார்.

“ரேணு, இந்த மனுஷன் கையெழுத்துப் போடாம கெளம்பிட்டார்னா மெஷின் நம்ம ஷெட்லயே துருப்பிடிக்கும். அப்புறம் நான் யாருக்கு சம்பளம் குடுக்கறது?”

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கல்யாணமானவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். நான் அன்று ஏன் வாயைத் திறந்தேன் என்று இன்றும் ஆச்சரியம்தான்.

“சார், கொரட்டூர்ல ஒரு ஓட்டல் இருக்கு. செவுத்துல இந்தோனேசியான்னு எழுதியிருக்கு.”

“கொரட்டூர்லயா?”

“ரயில்லேர்ந்து தெரியும் சார்.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “கூட்டிட்டுப் போ” என்றார்.

மூக்கு ஓட்டல்

சனிக்கிழமைகளில் பெரம்பூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவேன். கொரட்டூர் ஸ்டேஷனை ரயில் நெருங்கும்போது ஒரு மஞ்சள் சுவர் வரும். அதில் சிவப்புப் பெயின்டில் ‘நாசி கோரெங், சாத்தே, ரெண்டாங். இந்தோனேசியா முறைப்படி’ என்று எழுதியிருக்கும். நாசி என்றால் நமக்கு மூக்கு. மூக்கடைப்புக்கு வைத்தியம் செய்கிற இடம் என்றுதான் ரயிலில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாஷையில் அது சோறு என்பது யாருக்குத் தெரியும்?

ஆட்டோவில் போனோம். எங்கே போகிறோம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஓட்டல் போலியாக இருந்தால்? பேரை மட்டும் வைத்துக்கொண்டு தக்காளிச் சோற்றைப் போட்டுவிட்டால்? வெள்ளிக்கிழமை கிளம்புகிறவர் வியாழக்கிழமையே கிளம்பிவிடுவார். ‘லன்ச்’ என்று மட்டும் சொன்னேன். அவர் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கொரட்டூரில் ஒரு வெளிநாட்டு ஆம்பிளையோடு நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதை நாலு பேர் பார்த்தார்கள். நாற்பது பேர் பார்த்ததாகத் திருநின்றவூருக்குச் செய்தி போனது. அம்மா அன்று முழுக்கப் பேசவில்லை. அப்பாதான், “அந்த ஆள் சாப்பிட்டாரா இல்லையா, அத சொல்லு மொதல்ல” என்று கேட்டார்.

வீட்டின் முன்னறைதான் ஓட்டல். நாலு மேஜை, ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. கனத்த உடம்பு, காதில் பெரிய கம்மல். ஓட்டல்காரர் தனபாலுக்கு அக்கா.

“வா நைனா, வா. காத்தாடி கீழ குந்து” என்று ஹாருனிடம் தமிழிலேயே சொன்னாள். அவரும் புரிந்ததுபோல விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

“இன்னா வோணும்மா?”

ஓட்டல் போலியாக இருந்தால் வாயால் பேரைச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று உள்ளே சுவரில் எழுதியிருந்த பட்டியலின் முதல் வரியைக் காட்டினேன். “அது ரெண்டு.”

“வாத்தி, ரெண்டு நாசி” என்று உள்ளே குரல் கொடுத்தாள். நான் பேரை மறைத்ததெல்லாம் வீண். மின்விசிறிச் சத்தத்தில் அது ஹாருன் காதில் விழவில்லை என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அல்லது விழுந்தும், தன் காதை அவர் நம்பாமல் இருந்திருக்கலாம்.

திரைக்குப் பின்னால்

கரண்டிச் சத்தம் நின்றது என்றேன் அல்லவா? திரை விலகியது. சேலையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண். முப்பதைத் தாண்டிய வயது, வட்ட முகம், சின்னக் கண்கள், நெற்றியெல்லாம் வியர்வை. அவள் ஹாருனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“இன்னாமா சொன்னாரு அவுரு?”

சுத்தமான மெட்ராஸ் தமிழ். நான் வாயைப் பிளந்தேன்.

ஹாருன் மறுபடி கேட்டார். இந்த முறை எனக்கே சொற்கள் தனித்தனியாகக் கேட்டன. “இபு டாரி மானா?” நீங்கள் எந்த ஊர் அம்மா என்று அர்த்தமாம்.

அவள் ஒரே ஒரு சொல் சொன்னாள். “பெலாவான்.”

ஹாருன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். பெலாவான் என்பது மேடானின் துறைமுகம். அவருடைய தொழிற்சாலையில் உருட்டும் ரப்பரெல்லாம் அங்கேதான் கப்பல் ஏறுகிறது.

அப்புறம் இரண்டு பேரும் பேசினார்களே, அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து கொட்டுகிற மாதிரி கொட்டியது. நடுவில் அவள் தட்டைக் காட்டி ஏதோ அதட்டினாள். ஆறிப்போகிறது என்று திட்டியிருக்க வேண்டும். அவர் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

இத்தனை நாள் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்த மனிதரா இவர்? முட்டையை உடைத்துச் சோற்றோடு பிசைந்து, துவையலை வழித்துத் தொட்டு, அப்பளத்தை நொறுக்கி, குனிந்த தலை நிமிரவில்லை. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் ஓடியது. காரம்தான் என்று நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். இன்னொரு தட்டு வந்தது. அதற்குப் பிறகும் ஒன்று.

நான் என் தட்டில் கை வைத்தேன். முதல் வாய் இனிப்பு. என்னடா இது சோற்றில் இனிப்பு என்று யோசிப்பதற்குள் பின்னாலேயே காரம். அதற்குப் பின்னால் கருவாட்டு ருசி வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவே இல்லை. கொல்லையில் தனபால் அடுப்புக்கரியில் வாட்டிய கோழித் துண்டுகளைக் குச்சியோடு கொண்டுவந்து வைத்தார். அதுதான் சாத்தே. வேர்க்கடலைக் குழம்பில் முக்கிக் குச்சியிலிருந்து இழுத்தபோது, ஆபரேட்டர் வேலை, வெள்ளிக்கிழமை டிக்கெட் எல்லாம் மறந்துபோனது.

“பாய் கடக் கோழிதான், தைரியமா சாப்புடச் சொல்லு” என்றாள் வாத்தி. நான் ஹாருனிடம் சொல்லப் போனேன். அவளே சிரித்துக்கொண்டு தன் பாஷையில் சொல்லிக்கொண்டாள்.

கன்னியம்மா சொன்னது

அவர்கள் பேசிக்கொண்டிருக்க, கன்னியம்மா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மொத்தக் கதையையும் சொன்னாள்.

தனபால் கப்பலில் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தவர். ஒருமுறை கப்பல் ரிப்பேராகிப் பெலாவானில் நின்றுவிட்டது. துறைமுக வாசலில் வாத்தியின் அம்மா சோற்றுக்கடை வைத்திருந்தாள். தினமும் அங்கேதான் சாப்பாடு. கப்பல் சரியான பிறகும் தம்பிக்குப் பசி தீரவில்லை. அம்மாக்காரி ஒப்பவில்லை. கப்பல்காரனோடு போகிறவள் இந்த வாசப்படியை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் மிதிக்கவில்லை.

“இங்க வந்தப்ப ஒரு வார்த்த தமிழ் தெரியாதும்மா அதுக்கு. பேருகூட பாரு, வாத்தியாம். தெருவுல அல்லாரும் டீச்சர்னு நெனச்சிகினு வணக்கம் வெச்சானுங்க. நாள்பூரா நான் பேசறதத்தான் கேட்டுகினு இருந்துச்சு. நான் பேசறதத்தான் பேசுது.”

தனபாலுக்குக் கப்பலில் கை நசுங்கியது. கரைக்கு வந்துவிட்டார். அப்போது கடை போடலாம் என்றது வாத்திதானாம். அவள் ஊர்ச் சாமானுக்கு ஈடாக நம் ஊர்ச் சாமானை அவளும் கன்னியம்மாவும் கடை கடையாக அலைந்து மோந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் குழம்பில் போடும் வேருக்குப் பதிலாக நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை கிடைத்தது. மூட்டையாகக் கேட்டதும் கடைக்காரர், “வீட்ல யாருக்குங்க இவ்ளோ இருமல்?” என்று கவலையோடு விசாரித்தாராம். சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கும் தெம்பே என்ற பண்டத்தைச் சுற்றிவைக்கப் பூவரச இலை உதவியது. அதை அறுத்துப் பொரித்து எனக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். கடித்துப் பார்த்தேன். முந்திரிப் பருப்புக்கும் காளானுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது.

“அவங்க அம்மா வீட்டோட பேச்சுவார்த்தை உண்டா?” என்று கேட்டேன்.

கன்னியம்மா குரலைத் தாழ்த்தினாள். “எத்தினியோ தபா கடுதாசி போட்டுச்சு. பதிலே இல்ல.”

வெள்ளிக்கிழமை போகாத விமானம்

அடுத்த நாளும் ஹாருன் அங்கேதான் சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும். முதலாளியையும் ஒருநாள் கூட்டிப் போனார். தேங்காய்ப் பாலில் மணிக்கணக்காகச் சுண்டிய ஆட்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டு முதலாளி, “இதுதான் ரெண்டாங்னா ஒண்ணாங் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். டிக்கெட்டை நான் தள்ளிப்போட்டேன். இயந்திரத்தில் உண்மையாகவே ஒரு கோளாறு இருந்தது. அதை ஹாருனும் எங்கள் ஃபிட்டர்களும் சேர்ந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சரிசெய்தார்கள். ரப்பர் வழவழவென்று ஒரே கனத்தில் உருண்டு வந்ததும் அவர் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். ஷெட்டில் தட்டிய கைதட்டல் பக்கத்துக் கம்பெனிவரை கேட்டிருக்கும்.

கிளம்புகிற அன்று கடைசிச் சாப்பாடு. கன்னியம்மா என் கையைப் பிடித்தாள்.

“இவுங்கம்மாவப் போயி பாப்பாரான்னு கேளும்மா. இது கேக்காது.”

வாத்திக்குக் காதில் விழுந்துவிட்டது. “வேணாம்கா.”

“இன்னாத்துக்கு வேணாம்?”

“செத்துப் போயிருந்தா? அத தெரிஞ்சிகினு நான் இன்னா பண்ணப்போறேன்? இப்ப உசுரோட கீறாங்கன்னு நெனச்சிகினாவது சமைக்கிறேன்.”

ஹாருனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகங்கள் தெரியும். அவளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். கடைசியில் அவள் ஒரு பேரும் இடமும் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார். அவள் தலையசைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அவர் கிளம்பும்வரை திரை விலகவில்லை.

உயிரோடு, கோபமாக

மழைக்காலம் வந்து போனது. நான் சனிக்கிழமைகளில் கொரட்டூரில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அத்தை வீட்டுக்குப் போகப் பழகியிருந்தேன். வாத்தி எதுவும் கேட்கமாட்டாள். எனக்கும் சொல்ல எதுவும் இருக்காது.

ஒருநாள் வெளிநாட்டு அழைப்புக்கே உரிய இரைச்சலோடு போன் வந்தது. ஹாருன். இயந்திரம் நன்றாக ஓடுகிறது, இன்னும் வேண்டியிருக்கும் என்று முதலாளியிடம் சொல்லச் சொன்னார். நான் அதைச் சரியாகக் கேட்டேனா என்றுகூட நினைவில்லை.

“அம்மா?” என்றேன்.

துறைமுக வாசலில் கடைகளையெல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்களாம். விடுமுறைதோறும் போய் விசாரித்து, மேடானில் அந்த அம்மாளின் மகன் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

“உயிரோட இருக்காங்களா?”

“இருக்கிறார்” என்றார். “ரொம்பக் கோபமாக இருக்கிறார்.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே அந்த அம்மாளைத் தொழிற்சாலைக்கு அழைத்துவந்து எங்கள் ஆபீஸ் நம்பருக்குப் பேச வைப்பதாகச் சொன்னார்.

பர்மிஷன் கேட்டேனா, கேட்காமல் ஓடினேனா தெரியாது. பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நகரத் தொடங்கிய ரயிலில் ஏறிக் கொரட்டூரில் குதிக்காத குறையாக இறங்கினேன். வாத்தி வாணலியில் வெங்காயம் பொரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். அடுப்பை அணைத்தாள்.

“கோவமாவா கீறாங்க?”

“ரொம்பன்னு சொன்னார்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப எங்கம்மாதான்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை

முதலாளியே வந்து ஆபீஸைத் திறந்தார். கன்னியம்மா தீபாவளிச் சேலையில் வந்திருந்தாள். தனபால் தலையைப் படியச் சீவி, மாமியார் தன்னை நேரில் பார்க்கப்போகிற மாதிரி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். என் மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து கறுப்பு டெலிபோனையே பார்த்தோம்.

அடித்தது. பாய்ந்து எடுத்தேன். பக்கத்துக் கம்பெனிக்கு லாரி வந்துவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். நான் அவரைத் திட்டிய திட்டு அந்த ஆபீஸில் அதுவரை யாரும் கேட்டிராதது.

மறுபடி அடித்தது. இரைச்சல், அதற்குள் ஹாருனின் குரல். ரிசீவரை வாத்தியிடம் கொடுத்தேன்.

“அம்மா, நாந்தாம்மா, வாத்தி. இன்னாமா, நல்லா கீறியா?”

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். தமிழ். அந்தப் பக்கம் ஒரு குரல் வெடித்தது. ரிசீவரைக் காதிலிருந்து நகர்த்தும் அளவுக்கு, அறை முழுக்கக் கேட்கும் அளவுக்கு, நிற்காத வசவு. வாத்தியின் முகத்தில் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வழிந்தன. அப்புறம்தான் அவளுடைய பாஷை வந்தது. முதலில் விக்கி விக்கி, பிறகு அவளும் சரிக்குச் சரி கத்தினாள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் குரல்கள் தணிந்தன.

கொஞ்ச நேரம் கழித்து ரிசீவரைக் கன்னியம்மாவிடம் நீட்டினாள். “ஒன்னாண்ட பேசணுமாம்கா.”

“என்னாண்டயா? எனக்கு இன்னா தெரியும் அவுங்க பாஷ?” என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் அந்த அம்மாள் பேசினாள். கன்னியம்மா “ஆமா” என்றாள். மறுபடி பேசினாள். “அத்த நீ சொல்லணுமா?” என்றாள் இவள். அப்படியே போனது. ஒரு இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒரு இடத்தில் கன்னியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இணைப்பு அறுந்தபோது அவள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வைத்தாள்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“எம் பொண்ண பாத்துக்கோன்னாங்க” என்றாள் கன்னியம்மா. “பாத்துகினுதாம்மா கீறேன்னு சொன்னேன்.”